அறக்கட்டளைகளும் கிறித்தவப் பள்ளிகளும்

மும்பை மாநகரில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பள்ளிச் சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் ஒரு கவலை எழுகின்றது. குழந்தைக்கு எந்தப் பள்ளியில் இடம் கிடைக்கும்? கட்டணம் எவ்வளவு? அதனைப் பத்து ஆண்டுகள் விடாமல் கட்ட இயலுமா? இக்கேள்விகளோடு பெற்றோர் படியேறும் பள்ளிகளுள் கிறித்தவ நிறுவனங்கள் நடத்தும் பள்ளிகள் பல. மாட்டுங்காவில் டான் பாஸ்கோ, செம்பூரில் நித்திய சகாய அன்னை பள்ளி, தாராவிக்கு அடுத்த மாகிமில் பாம்பே ஸ்காட்டிஷ் என்று அவற்றின் பெயர்கள் நமக்குப் பழக்கமானவை. பம்பாய்க் கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தின் கல்வி வாரியத்தின்கீழ் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் இயங்குகின்றன. இப்பள்ளிகளை எழுப்பிய பணம் யாருடையது, இன்று அவற்றைத் தாங்கும் பணம் எங்கிருந்து வருகின்றது என்று நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. அதனைச் சிறிது எண்ணிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

ஒரு பள்ளிக்கு வருவாய் மூன்று வழிகளில் வரும். பெற்றோர் கட்டும் கட்டணம் ஒன்று. அரசு தரும் மானியம் ஒன்று. அறம் கருதி மக்கள் தரும் கொடை ஒன்று. முதல் இரண்டையும் நாம் நன்கு அறிவோம். மூன்றாவதைக் கல்வெட்டுப் பலகையில் பெயர் பார்க்கும் அளவிலேயே அறிவோம். ஆனால் முதலில் தோன்றியது அந்த மூன்றாவதுதான். கட்டணம் கட்ட இயலாதவரின் பிள்ளைகளுக்காக, அரசு கல்விக்கென ஒரு காசும் ஒதுக்காத காலத்தில், கொடையை மட்டும் நம்பித் தொடங்கியவையே இந்நாட்டின் பழைய கிறித்தவப் பள்ளிகள்.

அறக்கட்டளை என்பது நமக்குப் புதியதன்று. திருவள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரமும், ஒப்புரவறிதலுக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். வறியவர் கையில் ஒன்றைக் கொடுப்பது ஈகை. ஊருக்குப் பயன்படுமாறு செல்வத்தை நிறுத்தி வைப்பது ஒப்புரவு. இவ்விரண்டாவதன் வடிவமே கட்டளை. சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டுமாயின், கொடையாளர் நெய்யைக் கொடுக்கவில்லை. தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகளைக் கொடுத்தனர். அவ்வாடுகளை ஏற்றுக்கொண்ட இடையர், இறந்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கை குறையாமல் காத்து, நாள்தோறும் உரிய நெய்யை அளந்து வந்தனர். ஆகவேதான் கல்வெட்டுகள் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று குறித்தன. முதல் அழியாது, அதன் பயன் மட்டும் செலவாகும். எண்ணாயிரம் என்னும் ஊரில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், 340 மாணவர்களுக்கும் 14 ஆசிரியர்களுக்கும் உணவும் ஊதியமும் கிடைக்குமாறு நிலம் ஒதுக்கப்பெற்றதைக் கல்வெட்டொன்று கூறுகின்றது. பள்ளிக்கு நிலைநிதி வைக்கும் வழக்கம் நம் மண்ணில் ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது என்பதற்கு அது சான்று.

கிறித்தவப் பள்ளிகளுக்கு நிதி வந்த வழியைக் காண, மும்பையை விட்டுச் சற்று நேரம் தமிழ்நாட்டின் கீழைக் கடற்கரைக்குச் செல்ல வேண்டும். 1706 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சீகன்பால்கு, புளூட்சௌ என்னும் இரு செருமானியர் தரங்கம்பாடியில் வந்து இறங்கினர். அவர்களை அனுப்பியவர் டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக். ஆனால் அவர்கள் நடத்திய பள்ளிகளில் குழந்தைகளுக்குச் சோறும் துணியும் புத்தகமும் வழங்கப் பெரிதும் துணை நின்றது செருமனியின் ஹாலே நகரில் இருந்த பிராங்கேயின் அறநிலையம். ஆகஸ்டு ஹெர்மன் பிராங்கே என்பவர் அநாதைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இல்லம் அது. அவ்வறநிலையம் பிறரிடம் கையேந்துவதோடு நின்றுவிடவில்லை. சொந்தமாக மருந்துச் சாலையும் அச்சகமும் புத்தகக் கடையும் நடத்தி, அவ்வருவாயைக் கொண்டு பள்ளிகளை வளர்த்தது.

இலண்டனில் 1698 இல் தோன்றிய கிறித்தவ அறிவு விளக்கச் சங்கம் தரங்கம்பாடிக்கு ஓர் அச்சுப்பொறியை அனுப்பிற்று. அது 1712 இல் வந்து சேர்ந்தது. மறு ஆண்டு ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. ஒரு நாட்டு மன்னர், ஒரு நாட்டு அறநிலையம், ஒரு நாட்டுச் சங்கம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு சிறு கடற்கரை ஊரின் பள்ளிகளைத் தாங்கின என்பது வியப்புக்குரியது. அதனினும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. 1710 முதல் தரங்கம்பாடியின் நடப்பைக் கூறும் அறிக்கைகள் ஹாலேயில் அச்சாகிக் கொடையாளர்களின் கைக்குச் சென்றன. கொடுத்தவருக்குக் கணக்கும் செய்தியும் சொல்ல வேண்டும் என்ற நெறி அன்றே வேரூன்றிவிட்டது.

தரங்கம்பாடியிலிருந்து தெற்கே திருநெல்வேலிக்கு வருவோம். தாராவித் தமிழருள் பலருக்கு அதுவே பூர்வீகம். 1820 இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் 1830 இல் தரும சங்கம் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். ஊர்களில் நிலம் வாங்கவும், பள்ளியும் செபவீடும் எழுப்பவும் அங்குள்ள மக்களிடமே பணம் திரட்டுவது அதன் வேலை. நாளடைவில் பிடியரிசி என்னும் வழக்கம் அவ்வட்டாரத் திருச்சபைகளில் பரவிற்று. வீட்டுப் பெண்கள் உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவர். வாரந்தோறும் அவை ஒன்று சேர்க்கப்பெற்று விற்கப்படும். கூலி வேலை செய்து பிழைத்த எளிய குடும்பங்களும் கொடையாளர் ஆயின. இதனை நாம் சிறிய செய்தி என்று கருதலாகாது. கொடுப்பவர் ஒரு நாட்டில், பெறுபவர் மற்றொரு நாட்டில் என்ற நிலை மாறி, பெறுபவரே கொடுப்பவரும் ஆகும்போது பள்ளி அவ்வூருக்குச் சொந்தமாகின்றது.

அதே பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் என்ற பெயர் இன்றும் வழங்குகின்றது. அவ்வம்மையார் இங்கிலாந்து நாட்டவர். நடக்க இயலாத உடற்குறை உடையவர். இந்தியாவை ஒரு நாளும் கண்ணால் கண்டவரல்லர். இங்குப் பணிபுரிந்த தம் உடன்பிறந்தாரின் கடிதங்கள் வழியே நம் பெண்களின் நிலையை அறிந்தவர். அவர் மறைந்தபின் நண்பர்கள் அவர் நினைவாகத் திரட்டிய பணத்தில் பெண் ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளி எழுந்தது. பின்னர் அது வளர்ந்து, 1895 இல் கல்லூரியுமாயிற்று. ஆசிரியையை உருவாக்கும் பள்ளிக்குப் பணம் செலவிட்டதால், அக்கொடை நூறு ஊர்ப்பள்ளிகளில் பலன் தந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், பஞ்சமும் வறுமையும் தள்ளத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மக்கள் பம்பாய்க்குச் சென்றனர். தாராவியின் தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் அவர்கள் வேலையில் அமர்ந்தனர். இந்துக்களும் கிறித்தவர்களும் முகம்மதியரும் அவருள் இருந்தனர். அவர்கள் சென்று சேர்ந்த நகரத்தில், கிறித்தவப் பள்ளிகளுக்கென ஒரு தனி வரலாறு முன்னமே நடந்து கொண்டிருந்தது. இனி அதனைக் காண்போம்.

1815 இல் ஜார்ஜ் பார்ன்ஸ் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குருவானவரின் முயற்சியால் பம்பாய்க் கல்விச் சங்கம் தோன்றிற்று. ஏழை ஐரோப்பியரின் குழந்தைகளுக்குக் கல்வி தருவது அதன் முதல் நோக்கம். நகரத்துச் செல்வர்களின் சந்தாவும் கொடையும் அதன் வருவாய். அச்சங்கத்தின் பள்ளிகள் பைக்குலாவில் நடந்தன. 1925 இல் விடுதிப் பள்ளி நாசிக்குக்கு அருகிலுள்ள தேவ்லாலிக்கு மாற்றப்பெற்று, நிறுவியவர் பெயரால் பார்ன்ஸ் பள்ளி என வழங்கலாயிற்று. 1847 இல் ஸ்காட்லாந்து நாட்டவரின் அநாதைக் குழந்தைகளுக்கென ஓர் இல்லம் தொடங்கிற்று. அதுவே பின்னர் மாகிமுக்கு வந்து, பாம்பே ஸ்காட்டிஷ் பள்ளியாக வளர்ந்தது.

இவற்றினும் கருத்தூன்றிக் காண வேண்டியது ஜான் வில்சன் ஐயரின் பள்ளி வரலாறு. 1829 இல் பம்பாய்க்கு வந்த அவர் 1832 இல் ஒரு பள்ளியைத் தொடங்கினார். இன்றைய வில்சன் கல்லூரிக்கு அதுவே வித்து. அவர் மனைவியார் மார்கரெட் அம்மையார் பெண்களுக்கெனப் பள்ளிகள் நடத்தினார். பார்சிக் குடும்பங்களும் இந்துக் குடும்பங்களும் தம் பிள்ளைகளை வில்சனின் பள்ளிக்கு அனுப்பின. 1839 இல் இரு பார்சி இளைஞர்கள் மதம் மாறினர். நகரம் கொதித்தது, வழக்கு நீதிமன்றம் வரை சென்றது, பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டமாகத் திரும்ப அழைத்துக்கொண்டனர். பள்ளிக்கு வரும் பணம் எதன்பொருட்டு வருகின்றது, கல்விக்கா, மதமாற்றத்திற்கா என்ற ஐயம் அன்று வெளிப்படையாகக் கேட்கப்பட்டது. அவ்வையம் பிற்காலத்திலும் முற்றிலும் மறையவில்லை. அதற்கு விடை சொல்லாமல் கடந்து செல்வது நேர்மையாகாது. அவ்விடையைச் சட்டத்தைப் பற்றிப் பேசுகையில் காண்போம்.

நான்கு ஆண்டுகளுக்குப்பின் வில்சனுக்கு வேறு ஒரு சோதனை வந்தது. 1843 இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை இரண்டாகப் பிளந்தது. வில்சனும் அவருடைய தோழர்களும் புதிதாகப் பிரிந்த சுயாதீனத் திருச்சபையின் பக்கம் நின்றனர். பள்ளிக் கட்டடமோ பழைய திருச்சபையின் பெயரில் இருந்தது. ஆகவே கட்டடத்தை விட்டு வெளியேறினர். மாணவர்களும் ஆசிரியர்களும் கூடவே சென்றனர். புதிய இடத்திற்குப் புதிதாகப் பணம் திரட்ட வேண்டியதாயிற்று. கல்கத்தாவில் அலெக்சாந்தர் டப்புக்கு நேர்ந்ததும் இதுவே. பள்ளி என்பது கட்டடமன்று என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று. சொத்து யார் பெயரில் இருக்கின்றது, அதனை ஆள்வோர் யார் என்பதைத் தெளிவாக எழுதி வைக்காவிடில், நல்ல நோக்கமும் தெருவில் நிற்க நேரும் என்பதையும் அது காட்டிற்று.

1854 இல் சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை வெளியாயிற்று. அரசே எல்லாப் பள்ளிகளையும் நடத்த இயலாது. தனியார் நடத்தும் நல்ல பள்ளிகளுக்கு, அங்கு எம்மதம் போதிக்கப்படுகின்றது என்று பாராமல், பொதுக்கல்வியின் தரத்தைப் பார்த்து மானியம் தரலாம் என்று அது வகுத்தது. மானியம் பெறும் பள்ளி அரசின் பார்வையிடலுக்கு உட்பட வேண்டும். மாணவரிடம் சிறிதளவேனும் கட்டணம் பெற வேண்டும் என்பன நிபந்தனைகள். கட்டணம், மானியம், கொடை என்னும் முக்கால் ஏணி அப்போதுதான் முழுமையாயிற்று. அரசு ஆசிரியர் ஊதியத்தில் ஒரு பகுதியை ஏற்றது. அறக்கொடைகள் நிலத்திற்கும் கட்டடத்திற்கும் விடுதிக்கும் திரும்பின.

இருபதாம் நூற்றாண்டில் மும்பை கண்ட இரண்டு முயற்சிகள் நமக்கு மிகவும் அண்மையானவை. முதலாவது மாட்டுங்காவில் உள்ளது. இத்தாலி நாட்டுத் துரின் நகரில் ஏழைச் சிறுவர்க்காக உழைத்த ஜான் போஸ்கோவின் வழிவந்த சலேசியத் துறவியர் இந்தியாவில் முதலில் கால் வைத்த இடம் 1906 இல் நம் தஞ்சாவூர். 1928 இல் அவர்கள் பம்பாய்க்கு வந்தனர். 1940-களின் தொடக்கத்தில் மாட்டுங்காவில் டான் பாஸ்கோ பள்ளி அமைந்தது. அங்குப் பணிபுரிந்த மாஸ்கியோ என்னும் இத்தாலியத் துறவி நிதி திரட்டக் கையாண்ட கருவி தபால். சிறு இதழ் ஒன்றின் வாயிலாகவும் கடிதங்களின் வாயிலாகவும் பல நாட்டு எளிய மக்களோடு அவர் தொடர்பு வைத்துக்கொண்டார். சிறுசிறு தொகைகளாக வந்த பணத்தைக் கொண்டு 1957 இல் மாட்டுங்காவின் பெரிய ஆலயம் எழுந்தது. ஏழைச் சிறுவரின் கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் துணை கிடைத்தது. ஹாலே அறிக்கைகள் இருநூறு ஆண்டுகளுக்குமுன் செய்த வேலையை அவ்விதழ் செய்தது எனலாம்.

இரண்டாவது முயற்சியின் பயனை இன்று செம்பூரை அடுத்த தேவ்னாரில் காண்கின்றோம். அமெரிக்க மராத்தி மிஷன் நாக்பாடா என்னும் நெருக்கமான தொழிலாளர் பகுதியில் ஒரு சமூக நிலையத்தை அமைத்தது. அதனை நடத்தியவர் கிளிபர்டு மான்ஷார்ட்டு. சர் தோராப்ஜி டாட்டாவின் அறக்கட்டளை 1932 இல் தோன்றியபின், அதன் பொறுப்பாளர்கள் அம்மிஷனரியின் அனுபவத்தை நாடினர். அவர் யோசனையின்படி 1936 இல் நாக்பாடாவிலேயே சமூகப்பணிக்கான உயர்கல்விப் பள்ளி தொடங்கிற்று. அவரே அதன் முதல் இயக்குநர். 1944 இல் அது டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் எனப் பெயர் பெற்று, 1954 இல் தேவ்னாருக்குக் குடிபெயர்ந்தது. பார்சிச் செல்வரின் பணமும் கிறித்தவத் தொண்டரின் உழைப்பும் சேர்ந்து, எல்லா மதத்தினருக்கும் உரிய பொது நிறுவனம் ஒன்றை ஆக்கின. கொடையாளரின் சமயம் ஒன்று, தொண்டரின் சமயம் ஒன்று, பயன்பெறுவோரின் சமயம் வேறொன்று என்ற நிலையிலும் அறம் செவ்வனே நடக்கும் என்பதற்கு மும்பையிலேயே கிடைக்கும் சான்று இது.

பெரிய அறக்கட்டளைகள் பணம் தரும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. சென்னையில் பெண்கள் கிறித்தவக் கல்லூரி 1915 இல் தோன்றியது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் மருத்துவப் பள்ளி 1918 இல் தோன்றியது. இவ்விரண்டையும் சேர்த்து ஆசியாவில் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்குக் கட்டட நிதி தேவைப்பட்டபோது, அமெரிக்காவில் இருந்த லாரா ஸ்பெல்மன் ராக்பெல்லர் நினைவு நிதி ஒரு வாக்குறுதி தந்தது. மற்றவர்கள் 1923 தொடங்குமுன் 20 இலட்சம் டாலர் திரட்டினால், தான் 10 இலட்சம் டாலர் தருவதாகக் கூறிற்று. லூசி பீபாடி அம்மையாரின் தலைமையில் பெண்கள் ஊரூராகச் சென்று பணம் சேர்த்து, அவ்விலக்கை எட்டினர். ஒரு பெருங்கொடை ஆயிரமாயிரம் சிறுகொடைகளை எழுப்பும் முறை இது. மக்கள் தரத் தயங்கும் இடத்தில் பணத்தைக் கொட்டாமல், மக்கள் தரும் அளவுக்கேற்பத் தருவதனால், அக்கொடை பள்ளியைச் சோம்பேறியாக்குவதில்லை.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். மகாராட்டிரத்தில் பொது அறக்கட்டளைகளை ஆள்வது 1950 ஆம் ஆண்டின் பொது அறக்கட்டளைச் சட்டம். பள்ளி நடத்தும் சங்கமோ அறக்கட்டளையோ அறக்கொடை ஆணையரிடம் பதிவு பெற வேண்டும். ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கை அளிக்க வேண்டும். நிலத்தையோ கட்டடத்தையோ விற்பதாயின் முன் அனுமதி பெற வேண்டும். 1843 இல் வில்சன் கற்ற பாடத்தை இன்று சட்டமே கற்பிக்கின்றது.

அரசியலமைப்பின் 30 ஆவது உறுப்பு, சமயத்தாலும் மொழியாலும் சிறுபான்மையராய் இருப்போர் தமக்குரிய கல்வி நிறுவனங்களை அமைத்து நடத்தும் உரிமையை அளிக்கின்றது. மானியம் வழங்குவதில் அரசு அவர்களிடம் வேற்றுமை பாராட்டலாகாது என்றும் அது கூறுகின்றது. மும்பைத் தமிழரும் மொழிச் சிறுபான்மையரே ஆதலால் இவ்வுறுப்பு நமக்கும் உரியது. அதே அரசியலமைப்பின் 28 ஆவது உறுப்பு, அரசின் மானியமோ அங்கீகாரமோ பெற்ற பள்ளியில் எந்த மாணவரையும், இளையவராயின் பெற்றோரின் இசைவு இல்லாமல், சமய போதனையில் பங்குகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று விதிக்கின்றது. மானியம் பெறும் பள்ளியில் மதம், இனம், சாதி, மொழி காரணமாக மட்டும் இடம் மறுத்தல் கூடாது என்பது 29 ஆவது உறுப்பு. 1839 இல் எழுந்த ஐயத்திற்கு நம் குடியரசு அளித்த விடை இதுவே: சமயத்தவர் பள்ளி நடத்தலாம், அரசு உதவலாம், மாணவரின் மனம் அவருக்கே உரியது.

பணம் வரும் வழிகளும் மாறியுள்ளன. வெளிநாட்டுக் கொடையைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1976 இல் வந்தது. 2010 இல் புதிதாக இயற்றப்பட்டது. 2020 இல் மேலும் இறுகியது. பதிவு பெற்ற நிறுவனங்கள் புது தில்லியில் ஒரு குறிப்பிட்ட வங்கிக் கிளையிலேயே அப்பணத்தைப் பெற வேண்டும். நிருவாகச் செலவு நூற்றுக்கு இருபதைத் தாண்டக் கூடாது. பெற்ற பணத்தை வேறு நிறுவனத்திற்கு மாற்றித் தருதல் ஆகாது என்று 2020 ஆம் ஆண்டின் திருத்தம் விதித்தது. பெரிய சங்கம் பெற்றுச் சிறிய பள்ளிகளுக்குப் பகிர்ந்தளித்த பழைய முறைக்கு இதனால் வழி அடைந்தது. மறுபுறம், 2013 ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அதில் கல்வியும் ஒன்று. மும்பை பெருங் கம்பெனிகளின் தலைமையிடம். ஹாலேயிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வந்த உதவியை, இன்று நம் நகரத்திலேயே கேட்டுப் பெறும் காலம் வந்துள்ளது.

ஆயினும் குறை ஒன்று உண்டு. இவ்வுரையில் நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவதும் அதுவே. கட்டடம் கட்டக் கொடையாளர் எளிதில் கிடைக்கின்றனர். கணிப்பொறி அறைக்குக் கிடைக்கின்றனர். அவற்றில் பெயர் பொறிக்கலாம்; திறப்பு விழா நடத்தலாம். ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் செலவுக்குக் கொடையாளர் கிடைப்பது அரிது. ஏழை மாணவரின் கட்டணம், சீருடை, புத்தகம், பேருந்துச் செலவு, மானியத்திற்கு உட்படாத ஆசிரியரின் ஊதியம் ஆகியவற்றில் பெயர் பொறிக்க இடமில்லை. ஆனால் பள்ளியின் உயிர் அவற்றில்தான் இருக்கின்றது.

இதன் விளைவு யாது? அநாதைகளுக்கும் ஏழைகளுக்கும் எனத் தொடங்கிய பள்ளி நற்பெயர் பெறுகின்றது. நற்பெயர் பெற்றதும் செல்வர் நாடுகின்றனர். செலவு கூடக் கூடக் கட்டணமும் கூடுகின்றது. நூறாண்டு கழித்துப் பார்த்தால், யாருக்காகப் பள்ளி எழுந்ததோ அவர்கள் மதிலுக்கு வெளியே நிற்கின்றனர். ஒருவரும் தீங்கு நினைக்காமலே இது நேர்ந்துவிடுகின்றது. சட்டமும் இதனை முழுவதும் தடுப்பதில்லை. தனியார் பள்ளிகளில் நூற்றுக்கு இருபத்தைந்து இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கும் கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மையர் நடத்தும் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014 இல் தீர்ப்பளித்தது. 2025 இல் அத்தீர்ப்பை மீண்டும் ஆராய வேண்டும் என்று அந்நீதிமன்றத்தின் அமர்வு ஒன்று கருதிற்று. சட்டம் எவ்வாறு முடியினும், ஏழைக்கு இடம் தருவது பள்ளியின் மனத்தையும், அம்மனத்திற்குத் துணை நிற்கும் நிதியையும் பொறுத்ததே.

தாராவியின் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். ஓர் அறையில் ஐந்து பேர். பகலில் அதுவே தொழிற்கூடம். மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளை நடத்துகின்றது. அவற்றில் தொடக்க வகுப்புகளை முடித்த பிள்ளை உயர்நிலைக் கல்விக்கு வேறு பள்ளி தேட நேர்கின்றது. ஓராண்டு யாரேனும் இரங்கிக் கட்டணம் கட்டலாம். மறு ஆண்டு? எட்டாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பத்தாம் வகுப்பை முடிக்க மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உதவி வேண்டும். இரக்கம் ஓராண்டோடு நின்றுவிடலாம், கட்டளை நிற்பதில்லை.

ஆனால் கட்டளையும் கருத்தோடு அமைக்கப்பட வேண்டும். 1950 இல் ஒருவர் 5,000 ரூபாயை ஒரு பள்ளியில் நிலைநிதியாக வைத்தார் எனக் கொள்வோம். நூற்றுக்கு ஐந்து வட்டியாயின் ஆண்டுக்கு 250 ரூபாய். அன்று அது ஒரு மாணவரைப் படிக்க வைத்திருக்கும். இன்று அதே 250 ரூபாய் சில நோட்டுப் புத்தகங்களுக்கே போதும். முதல் சாகவில்லை, ஆனால் மூத்துவிட்டது. வட்டி முழுவதையும் செலவிடாமல், ஒரு பகுதியை மீண்டும் முதலோடு சேர்த்து வந்திருந்தால் அவ்வாறு ஆகியிராது. இறந்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டியைச் சேர்த்த சோழர்கால இடையரின் கணக்கு இன்றைய பள்ளிப் பொருளாளருக்கும் வேண்டும்.

ஆகவே பள்ளிக்குக் கொடுக்க எண்ணும் அன்பர்கள், பணம் தருமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நலம். இக்கொடை அடுத்த ஆண்டும் பயன் தருமா? இதனால் படிக்கப் போகும் பிள்ளை, இது இல்லாவிடில் படிக்க இயலாத பிள்ளைதானா? இதன் கணக்கை ஆண்டுதோறும் பள்ளி நமக்கும் பொதுமக்களுக்கும் காட்டுமா? பள்ளி நடத்துவோரும் தமக்குத் தாமே ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். நம் பள்ளியின் முதற்சாசனத்தில் யாருடைய பிள்ளைகளின் பெயரால் பணம் கேட்டோம். அவர்களுள் எத்தனை பேர் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்துள்ளனர்?

இக்கேள்விகள் பெருஞ்செல்வருக்கு மட்டும் உரியன அல்ல. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கிறித்தவப் பள்ளிகளில் படித்து, நல்ல நிலையில் வாழும் தமிழர் பலர். அவருள் பெரும்பாலோர் கிறித்தவர் அல்லர். அவர்கள் கட்டிய கட்டணம் தாம் பெற்ற கல்வியின் முழுச் செலவு அன்று. எஞ்சியதை முகமறியாத எவரோ கட்டினர். அக்கடனைத் திருப்பிச் செலுத்தும் வழி, பழைய மாணவர்கள் ஒன்றுகூடி, தாம் படித்த பள்ளியில் அடுத்த தெருப் பிள்ளை ஒன்றுக்கு நிலையான கட்டளை வைப்பது. பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு பிள்ளையின் கட்டணம் கடினமன்று. நூறு பேர் சேர்ந்தால் ஒரு நிலைநிதியே உருவாகும்.

திருநெல்வேலியின் பெண்கள் உலையில் இடுமுன் எடுத்து வைத்த பிடியரிசி அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பள்ளிகளைத் தந்தது. அவ்வீடுகளின் பேரப்பிள்ளைகள் இன்று தாராவியில் வாழ்கின்றனர். அரிசிக் கலயத்தின் இடத்தில் வங்கிக் கணக்கு வந்துவிட்டது. ஒரு பிடி எடுத்து வைக்கும் கை மட்டும் இன்னும் வேண்டும். வரும் ஆண்டின் பள்ளிச் சேர்க்கைக்கு முன்னரே அக்கை நீளுமாக.